பெயிண்ட் அடிக்காத சைக்கிள்

அந்தச் சைக்கிளை வாங்கிய பிறகு என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி, "ஏன் சார், பெயிண்ட் அடிக்கல?" என்பதுதான். அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது பக்கத்தில் நின்ற லாரியின் ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறார்கள். சிறுவாச்சூரில், கோயில் திறந்திருக்கும் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். திருமழபாடியில் மதிலோரம் சைக்கிளைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றுவதற்குள் பூ விற்கும் அம்மா கேட்டார்.

முதன்முதலில் கேட்டது பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், பேரளிக்கு முன்னால் இருக்கும் ஒரு டீக்கடையில். தை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. தேதிகள் என்னிடம் தங்கிவிடும். அது ஒரு பழக்கம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள், பள்ளிக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் பதித்திருக்கும் திறப்பு விழாக் கற்களைப் படித்துத் தேதிகளைச் சேர்த்துவந்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு சுவாரசியம் உண்டு. அரியலூர் ஒரு முறை தனி மாவட்டமாகப் பிரிந்து, திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்து, மறுபடியும் பிரிந்தது. அதனால் ஒரே ஊரில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்களில் வேறு வேறு மாவட்டப் பெயர்கள் இருக்கும். இந்தக் கற்களைத் தேடிப் போவதற்காகத்தான் சைக்கிள்.

அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் ஓய்வுபெற்ற அதே வருடம் புரட்டாசியில், மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி பெங்களூருக்குப் போனார். குழந்தைக்குத் தலை நிற்கும் வரைக்கும் என்றார்கள். பிறகு அது தவழும் வரைக்கும் என்று ஆனது, பிறகு நடக்கும் வரைக்கும். நானும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். இரண்டு அறை வீடு. நான் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது அந்த இடத்தில் துணி காயப்போட வேண்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி அரை டம்ளர் ஆனது. சில நாட்களில் பால் போடுகிறவரிடம் "சரிங்க" என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடும். மாலையில் போன் வந்து எடுக்கும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்கும்.

சைக்கிள் திருச்சியில் ஒரு கணினிப் பொறியாளருடையது. வெளிநாடு போகிறவர், அதைக் கொண்டுபோக முடியாமல் விற்றார். முதுகு வலிக்காரன் என்பதால் டைட்டானியம் பற்றி முன்பே நிறையப் படித்து வைத்திருந்தேன். விற்கிறவர்கள் சொல்வதுபோல அது அதிசய உலோகமெல்லாம் இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களை எடுத்தால் இரும்புக் குழாய்தான் விறைப்பானது; டைட்டானியம் வளைந்து கொடுக்கும். எடை இரும்பில் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதால் குழாயைப் பருமனாகச் செய்து அந்த வளைவைக் குறைக்கிறார்கள். அப்படியும் மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பெடலுக்குக் கீழே ஒரு நெளிவு தெரியும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் அதைக் குறை என்பார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் குதறிப் போட்ட அரியலூர்ச் சாலையில் என் முதுகைக் காப்பாற்றியது அந்த நெளிவுதான். அலுமினியச் சைக்கிளில் ஒரு தடவை அந்த வழியாகப் போய், இரண்டு நாள் குனிய முடியாமல் கிடந்திருக்கிறேன்.

அது துருப் பிடிக்காது. காற்றுப் பட்ட உடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாகிறது. கீறினால் அந்த இடத்தில் மறுபடியும் உண்டாகிறது. அதனால் பெயிண்ட் வேண்டியதில்லை. சாம்பல் நிறத்தில், கழுவி வைத்த பாத்திரம்போல இருக்கும். கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் நாலு இழு இழுத்தால் மறைந்துவிடும். இரும்பு நம்மிடம் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. இதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள், உருக்கி உருப்படியாகப் பயன்படுத்தியது இன்னும் பின்னால். தெற்கே நம் கடற்கரைக் கறுப்பு மணலிலேயே அது இருக்கிறது என்பதைப் படித்தபோது ஏனோ சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

டீக்கடையில் சொன்னேன். கடையை நடத்துவது நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. கடையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு லாரி, வேன்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர். வேலை இல்லாத நேரமெல்லாம் டீக்கடை பெஞ்சில்தான் இருப்பார். அவர்தான் முதலில் கேட்டது.

"ஏன் சார், பெயிண்ட் அடிக்கல?"

"இது டைட்டானியம்ங்க. பெயிண்ட் தேவையில்லை."

"என்ன தானியம்?"

"டைட்டானியம்."

"சிறுதானியம் தெரியும். வரகு, சாமை, தினை. இது மானாவாரியா, எறவையா?"

"ஏண்ணே, வந்தவர ஒக்கார வுட்டுட்டுக் கிண்டல் பண்ணக்கூடாதா?" என்றார் கடைக்கார அம்மா. "நீங்க ஒக்காருங்க சார். லாரிக்கு அடிச்சு அடிச்சு, பெயிண்ட் இல்லாத எதப் பாத்தாலும் அவருக்குக் கை நமநமங்கும்."

"ஆமா. இந்தம்மா டீக்குக்கூட ஒரு கோட்டு அடிச்சாத்தான் கலர் வரும்."

அன்றைக்கு நான் வெகுநேரம் பேசினேன். அடுத்த முறை போனபோது "தானியம் சார் வந்துட்டாரு" என்றார் பெயிண்டர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கற்கள் எதுவும் படிக்க இல்லாத நாட்களிலும் அந்த வழியாகப் போகத் தொடங்கினேன். யாராவது புதியவர் டீ குடிக்க நின்றால், சைக்கிளைப் பார்த்தால், அந்தக் கேள்வி வரும். நான் முதலிலிருந்து சொல்வேன். குறைகளையும் மறைக்க மாட்டேன். விலை அதிகம். ஒரு விரிசல் விட்டால் இங்கே யாராலும் ஒட்ட முடியாது. அரியலூரில் ஆர்கான் வெல்டிங் செய்கிறார்கள்தான், ஆனால் இதற்குக் குழாயின் உள்ளேயும் அந்த ஆர்கான் வாயுவை நிரப்பிக்கொண்டு ஒட்ட வேண்டும், கொஞ்சம் காற்று நுழைந்தாலும் அந்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். விரிசல் முதலில் ஒட்டுப் பக்கத்தில் முடி அளவுக்குத்தான் தெரியும். பெயிண்ட் இல்லாததால் துடைக்கும்போதே கண்ணில் படும்.

ஒருநாள் நான் சீட்டுக் கம்பியைக் கழற்றி கிரீஸ் தடவிக்கொண்டிருந்ததைப் பெயிண்டர் பார்த்தார்.

"துருவே புடிக்காதுன்னீங்க, அப்பறம் என்னாத்துக்கு கிரீசு?"

"இது துருப் பிடிக்காது. உள்ள சொருகியிருக்கிற கம்பி அலுமினியம். வேர்வையும் மழைத்தண்ணியும் உள்ள போனா அந்தக் கம்பி அரிச்சு, இதோட இறுகிப் பிடிச்சுக்கும். அப்பறம் அறுத்துத்தான் எடுக்கணும்."

"தனக்கு ஒண்ணும் ஆவாது, கூட இருக்கறத கெடுத்துப்புடும். எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான் சார், அப்பிடியே."

"தேங்காண்ணெய் வுடுங்க சார்" என்றார் கடைக்கார அம்மா. "எந்தப் பூட்டா இருந்தாலும் கழண்டுக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகும் மச்சான் கதையை நினைத்துச் சிரித்தேன். மனைவி போனில் கூப்பிட்டபோது சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குழந்தை அழுதது. "அப்பறம் பேசுறேங்க" என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சிரிப்பு எனக்கு மட்டும் வந்த கதையாக அது மிஞ்சியது.

புரட்டாசியில் அந்த டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், லாரியிலிருந்து சிதறிய கல் ஒன்று என் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அந்த அளவு டயர் பெரம்பலூரில் கிடைக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறுநாளே மனைவியிடமிருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சல், மருமகன் ஊரில் இல்லை, வந்து கூட இருங்கள் என்றார். கடைக்கார அம்மாவிடம் போனில் சைக்கிளை வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குழந்தைக்குச் சரியாகி, மருமகன் திரும்பியதும், அங்கேயே டயர் வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன். விஜயதசமிக்கு மறுநாள். பையை வீட்டில் வைத்த கையோடு டயரைத் தூக்கிக்கொண்டு பேரளிப் பக்கம் பஸ் ஏறினேன்.

கடைக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் வாடிய சாமந்தி மாலை, குழாயில் சந்தனமும் குங்குமமும். வெள்ளைக்கு நடுவே நீலத்தில் ஒரு கோடு, லாரிக் கதவில் இழுப்பார்களே, அதேபோல முனையில் மெலிந்து முடிந்தது. என்னுடையது எங்கே என்று கேட்க வாயெடுத்த பிறகுதான் கிழிந்த டயரைப் பார்த்தேன்.

பெயிண்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்புடி சார்?"

கையிலிருந்த டயரைக் கீழே வைத்தேன்.

"பூசைக்கு முன்னாடி எல்லா வண்டியும் கழுவுனோம். உங்களுது மட்டும் மொட்டையா நின்னுச்சு. மனசு கேக்கல. லாரிக்கு வாங்குன வெள்ளை கொஞ்சம் மிஞ்சுச்சு. பிரைமரு போட்டுத்தான் அடிச்சிருக்கேன். காசு கீசுன்னு எதுவும் பேசிப்புடாதீங்க."

"நான்தான் சார் சொன்னேன்" என்றார் கடைக்கார அம்மா. "பாவம், வர்றவன் போறவன்லாம் ஏன் பெயிண்ட் அடிக்கலன்னு கேக்குறான். அவரும் ஒவ்வொருத்தன்கிட்டயும் எதோ ஒரு சாக்கு சொல்லிக்கிட்டே இருக்காரு. பென்சன் காசு வூட்டுக்கே பத்தல போல, நாமளாவது செய்வோம்னு."

சாக்கு. அத்தனை மாதம் நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். தோல், வாயு, வெல்டிங், கடற்கரை மணல், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவர்கள், அவ்வளவையும் கையில் காசில்லாத ஒருவரின் சாக்காகக் கேட்டிருக்கிறார்கள். கௌரவம் பார்க்கிறார், பாவம், பேசிவிட்டுப் போகட்டும் என்று.

"நல்லா இருக்கு" என்றேன். வேறென்ன சொல்வது. டயரை மாட்டினேன், டீ குடித்தேன், கிளம்பினேன். வெள்ளை பெயிண்டுக்கு அந்த வெள்ளையைத் தருவதும் டைட்டானியம் ஆக்சைடுத் தூள்தான். தோண்டியெடுப்பதில் பெரும்பகுதி பெயிண்டுக்குத்தான் போகிறது. டைட்டானியத்துக்கு மேல் டைட்டானியம் பூசியிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிப் பெஞ்சில் ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன். சொல்லவில்லை. இதுவும் ஏதோ பேச்சு என்று கேட்டுக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முதல் சில நாட்கள் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசியில் ஒரு புதன்கிழமை ஜெயங்கொண்டம் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளிக் கட்டடத்துக் கல்லைப் பார்க்கப் போனேன். போகும்போது ஒரு கடையில் நின்றேன், வரும்போது இன்னொன்றில். இரண்டிலும் டீயை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கூட்டமாக நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனுக்குப் போனார்கள். வெள்ளையும் நீலமுமாக, பள்ளிக்கூட வாசலில் பத்து நிற்குமே, அப்படி ஒரு கியர் சைக்கிள். அதை ஓட்டுகிற தலை நரைத்த ஒரு மனிதர். இதில் கேட்க என்ன இருக்கிறது. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோதுதான் காலையிலிருந்து "ஒரு டீ" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை என்பது தெரிந்தது.

பேரளிக் கடையிலும் அப்படித்தான் ஆனது. சிரிப்பார்கள், டீ கொடுப்பார்கள். ஆனால் எங்களுக்குள் இருந்த ஒரே விஷயத்தை பெயிண்டர் தீர்த்து வைத்துவிட்டார். "நல்லா இருக்கில்ல?" என்பார். "இருக்கு" என்பேன். பிறகு இருவரும் சாலையைப் பார்ப்போம்.

மனைவியிடம் சொன்னபோது, "பெயிண்ட் அடிச்சா என்னங்க, போட்டோல நல்லாத்தான இருக்கு" என்றார். நல்லாத்தான் இருந்தது. விரிசல் விட்டால் கண்ணில் படாது என்றேன். "விரிசல் வுட்டுச்சா?" என்றார். இல்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஈரத்தைத் துடைக்கும்போது, செயின் பக்கத்துக் குழாயில் பெயிண்ட் சிறிதாகத் தூக்கியிருப்பதைப் பார்த்தேன். நகத்தை வைத்தேன். சின்ன வெங்காயத்தின் மேல்தோல்போல ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் சாம்பல், ஒரு கறை இல்லாமல். டைட்டானியத்தின் இன்னொரு குணம் அது. தனக்கென்று ஒரு தோல் இருப்பதால் சாதாரண பெயிண்ட் அதன் மேல் பிடிப்பதில்லை. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்தால் மொத்தத்தையும் உரித்துவிடலாம். நாளைக்கே யாராவது லாரி ஜன்னலிலிருந்து கேட்பார்கள்.

நகம் அடுத்த இடத்துக்குப் போனது, அங்கேயே நின்றது. கேட்டால் சொல்வேன். அவர்கள் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற நினைப்போடுதான் இனிமேல் சொல்வேன். அந்த நினைப்போடு என்னால் பேச முடியுமா என்று தெரியவில்லை. உரித்துவிட்டால் பேரளி வழியாகப் போகவும் முடியாது. வேறு வழியில் அரியலூர் போகலாம்தான். ஆனால் அந்தக் கடையில் இறங்காமல் நான் அரியலூருக்கு எதற்குப் போகிறேன்? கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

அடுத்த முறை கடையில் இறங்கியபோது பெயிண்டரின் கண் நேராக அங்கேதான் போனது. குனிந்து விரலால் தடவினார். முகம் சுருங்கிப்போனது.

"கீழ கீழ போட்டீங்களா சார்?"

"இல்லைங்க. தானா உரிஞ்சுது."

"நான் அடிச்சது தானா உரியாது."

கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, உங்க பெயிண்டும் சார் மாரியே ஆயிடுச்சு. வந்து நிக்குது, ஒட்ட மாட்டேங்குது."

விளையாட்டாகத்தான் சொன்னார். பால் பொங்கவே உள்ளே போய்விட்டார். பெயிண்டர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

"உங்க வேலையில தப்பு இல்லைங்க" என்றேன். "இந்த உலோகத்துக்கு மேல ஒரு தோல் இருக்கு. பெயிண்ட் அது மேலதான் ஒக்காரும், உள்ள பிடிக்காது."

"இதத்தான் முன்னாடியும் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"நான் காதுல வாங்கல சார்." உரிந்த துணுக்கு ஒன்றைக் கிள்ளியெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அப்ப நீங்க வேணும்னேதான் மொட்டையா வுட்டிருந்தீங்க."

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல, அன்னிக்கே?"

நான் உரிந்த ஓரத்தை விரலால் அமுக்கி ஒட்டப் பார்த்தேன்.

"சரி சொல்லுங்க. ரிமூவர் போட்டு மொத்தமா எடுத்துப் பழைய மாரியே தந்துடட்டா? இல்ல, வாட்டர் பேப்பர் போட்டுச் சொரசொரன்னு தேய்ச்சு, மறுபடி அடிக்கட்டா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் அரை நாளில் முடிந்துவிடும். சாயங்காலம் சாம்பல் நிறச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

"அடிங்க" என்றேன்.

"ஒட்டுமா?"

"நல்லாத் தேய்ச்சா கொஞ்ச நாள் ஒட்டும். மறுபடியும் உரியும்னு நினைக்கிறேன்."

"உரிஞ்சா கொண்டாங்க, பாத்துக்கலாம். மழை நாளு சார், ஒவ்வொரு கோட்டும் காய நேரமாவும். வுட்டுட்டுப் போங்க, முடிச்சிட்டு போன் அடிக்கிறேன்."

"நான் வரேங்க. பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போறேன்."

"காயறத வந்து என்னத்தப் பாக்கப்போறீங்க? எதுக்கு அலைச்சல்?"

"வூட்ல யாரும் இல்லைங்க" என்றேன். அதை அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் ஊர்ப் பேச்சில் வருவதுபோல 'வூட்ல' என்றே வந்துவிட்டது.

பெயிண்டர் கொட்டகைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் இரண்டு துண்டு வாட்டர் பேப்பரும் கொண்டுவந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டு ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"அப்ப சும்மா ஒக்காந்துருக்க வேணாம். அந்தப் பக்கம் நீங்க தேய்ங்க."

நான் பேன்ட்டை மடித்துக்கொண்டு குந்தினேன். வெள்ளைப் பால்போலத் தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடியது. அவர் தேய்ப்பதைப் பார்த்துச் செய்தும் எனக்குச் சரியாக வரவில்லை.

"எந்த லாரிக்கு மொத மொத அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதுவா?" என்றார். "அது பெரிய கதை சார்." கையை நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார்.